ஒன்றரை அடி

எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் அந்த ஸ்டேடியத்தின் படம் மாட்டியிருக்கிறது. ட்ரோன் வைத்து மேலிருந்து எடுத்தது. நடுவில் பச்சைப் புல், சுற்றிலும் நாற்காலிகள், ஓரத்தில் கிழக்குக் கொல்கத்தாவின் மீன் குட்டைகள் கொஞ்சம். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் ஒரு நிமிடமாவது நிற்பார்கள். நான் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவேன். அந்த நாற்காலி வரிசைகள் அத்தனையும் நான் வரைந்தவை. நியாயமாகப் பார்த்தால் அதிக நேரம் நிற்க வேண்டியவள் நான்தான்.

மதுரையில் கட்டடக்கலை படித்துவிட்டு, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை கிடைத்துக் கொல்கத்தாவுக்கு வந்தவள் நான். லேக் கார்டன்ஸில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியேறினேன். வீட்டுக்காரர் கீழ்வீட்டிலேயே இருந்தார். ஐம்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. அப்பா ரயில்வேயில் வேலை பார்க்கத் திருச்சியிலிருந்து வந்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தெருவே அவரை தீதி என்றது. நான் அக்கா என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. தமிழில் கூப்பிட அவருக்கு வேறு ஆள் மிச்சமில்லை.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து, கால்கள் இரண்டும் போய்விட்டன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். விடை சரியாக இருந்தாலும் போதாது, ஸ்டெப் எழுதாதவர்களுக்கு அவரிடம் மார்க் கிடையாது. அவர் கணவர் வங்காளி, பள்ளிக்கூட ஆசிரியர், சாது. அவரை நான் தாதா என்று கூப்பிடுவேன், வங்காளியில் அண்ணன். எங்கள் மதுரையில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதையே வேறு என்பதை ஒருநாள் விளக்கிச் சொன்னபோது, மனிதர் வெட்கத்தில் சிவந்துவிட்டார்.

அக்காவுக்குக் கால்பந்து என்றால் உயிர். சின்ன வயதில் அவர் அப்பா அவரைத் தோளில் உட்கார வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவாராம். டிக்கெட் கிடைக்காத நாளில் வேலிக்கு வெளியே நின்றே பார்ப்பார்களாம். அட்டையை நீளக் குழாயாக மடித்து, மேலே ஒரு கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி சாய்வாக ஒட்டி, கூட்டத்துக்கு மேலே உயர்த்தினால் உள்ளே நடக்கும் ஆட்டம் கீழ்க் கண்ணாடியில் தெரியும். அந்தக் காலத்துக் கொல்கத்தாவில் பலரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அன்றோடு அக்கா தோளிலிருந்து இறங்கினார். அதற்குப் பிறகு முழுக்க டிவிதான்.

"கல்யாணமான புதுசுல ஒரு தடவ இவரோட ஒரு ஆட்டத்துக்குப் போனேன்," என்று ஒருமுறை சொன்னார். "ஏ மா, எத்தன படி! நாலு பேர் சேந்து சேரோட தூக்குறோம்னு ஓடி வந்தாங்க. நான் என்ன துர்கா பிரதிமாவா, தூக்கிட்டு ஊர்வலம் போறதுக்கு? வேணாம்னு திரும்பிட்டேன்."

அவர் வீட்டில் ஆட்டம் பார்ப்பது ஒரு தனி அனுபவம். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் தாதா எழுந்துவிடுவார். சாது என்றேனே, அந்தச் சாது அப்போது இருக்க மாட்டார். டிவியை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்பார். ஆட்டம் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்துவிடுவார்கள். அக்கா டியூஷன் ஸ்கேலை எடுத்து தாதாவின் இடுப்பில் குத்துவார். "போஷோ! போஷோ!" உட்காரு, உட்காரு. உட்காருவார்; அடுத்த நிமிடம் மறுபடி எழுவார். நான் பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொல்கத்தாக்காரர்கள் கால்பந்தை உட்கார்ந்து பார்ப்பவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாது என்று பின்னால் நான் சொல்ல முடியாது. சொந்தக் கண்ணால், வாரா வாரம் பார்த்தது.

ஒரு கிளப்புக்குப் புது ஸ்டேடியம் கட்டும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. பார்வையாளர் இருக்கைகள் என் பொறுப்பு. அன்று சாயங்காலமே ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவர் சத்தம் போட்டுக் கொண்டாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "என்ன மாதிரி ஆளுங்களுக்கு எடம் உண்டா?" என்றார்.

"இல்லாம எப்படிக்கா? நானே வரையப் போறேன்."

"நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு சோபா வேணாம், ஏசி வேணாம். உக்காந்த எடத்துலேருந்து ரெண்டு கோல் போஸ்ட்டும் தெரியணும். என் கண்ணால பாக்கணும், டிவிக்காரன் கண்ணால இல்ல. அவ்வளவுதான் என் டிமாண்ட்."

பார்வையாளர் இருக்கை என்பது உண்மையில் கண்களின் கணக்கு. பின்னால் இருப்பவரின் கண்ணிலிருந்து புல்லுக்கு ஒரு கோடு இழுத்தால், அது முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலே போக வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் அக்கறை வேண்டும். முன்னால் உள்ளவர் எழுந்தால் மற்றவர்கள் தாங்களும் எழுந்துகொள்ளலாம், இவர்களால் முடியாது. அதனால் முன்வரிசை எழுந்து நின்றாலும் தெரிகிற உயரத்தில் இவர்கள் மேடை இருக்க வேண்டும். நான் டேப்பை எடுத்து, தரையிலிருந்து அக்காவின் கண் வரை அளந்தேன். மூன்றே முக்கால் அடி. டேப் கன்னத்தில் உரசிக் கூச்சமாக இருந்ததில் அவர் சின்னப் பெண் மாதிரி சிரித்தார். "ஆடாம இருங்கக்கா," என்று அதட்டினேன்.

அந்த மூன்றே முக்கால் அடியை வைத்துத்தான் மேடையை வரைந்தேன். நடைபாதையிலிருந்து ஒன்றரை அடி உயரம். படத்தில் சக்கர நாற்காலியில் ஒரு சின்ன உருவம் போட்டு, அதற்கு அக்கா மாதிரியே கொண்டை வைத்தேன். ஆபீசில் எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வரைபடங்கள் முடியும் தறுவாயில் கிளப்காரர்கள் வந்து, விஐபி பாக்ஸ்கள் போதவில்லை என்றார்கள். எங்கள் ஆபீஸ் தலைவர் சிவப்புப் பேனாவால் என் மேடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒன்றரை அடி ஏற நீளமான சாய்தளம் வேண்டும். மேடையை நடைபாதை மட்டத்துக்கே இறக்கிவிட்டால் சாய்தளம் தேவையில்லை. அந்த இடத்தில் இன்னும் இரண்டு பாக்ஸ் வந்துவிடும்.

"முன்னாடி இருக்கிறவங்க உக்காந்திருந்தா, கீழ் மட்டத்திலேருந்தும் ஆட்டம் தெரியும்தானே?" என்று தலைவர் கேட்டார்.

"உக்காந்திருந்தா தெரியும்," என்றேன்.

கிளப் செயலாளர் நல்ல மனிதர். அவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. என்னை நேராகப் பார்த்து, "அவங்களுக்கு ஆட்டம் தெரியும்னு நீங்க சொல்றீங்க. அப்படித்தானே?" என்றார். அறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும் சார்," என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. "தெரியாது, இந்த ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள்" என்று சொல்லியிருந்தால் தலைவர் உச்சுக் கொட்டியிருப்பார், கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த மாதம்தான் என்னைப் பதவி உயர்த்தப் போவதாகப் பேச்சு அடிபட்டது. இடக்கு பண்ணுகிறவள் என்று பெயரெடுக்க எனக்கு மனசில்லை. இதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. பெரிதாக ஏதாவது காரணம் இருந்தால்கூடத் தேவலை என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

சீட்டுக்குத் திரும்பி, கொண்டை வைத்த உருவத்தை மவுஸால் பிடித்து ஒன்றரை அடி கீழே இறக்கினேன். ஒரு நொடி வேலை. படத்தின் மூலையில் ஒரு குறிப்பும் எழுதினேன்: முன்வரிசைப் பார்வையாளர்கள் அமர்ந்திருப்பார்கள் என்ற அனுமானத்தில். கொல்கத்தாவில், கால்பந்து ஆட்டத்தில், அமர்ந்திருப்பார்களாம்! வாராவாரம் தாதாவின் முதுகைப் பார்த்தவள் எழுதிய வாக்கியம் அது. நாளைக்கு யாராவது கேட்டால் தப்பித்துக்கொள்ள ஒரு வரி வேண்டியிருந்தது, எழுதிக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவரோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மீன்காரரிடம், டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்களிடம், டாக்குரியாவில் இருக்கும் நாத்தனாரிடம், எல்லோரிடமும் ஒரே பேச்சு: "எங்க வீட்டுப் பொண்ணு கட்டுற ஸ்டேடியம்." மார்க்கெட்டுக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் பதிலுக்குச் சிரித்தேன். அந்தப் பெருமையை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

ஒருமுறை, "சைட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போறியா? தூரத்துல நின்னு பாக்கறேன்," என்றார்.

"ஒரே சேறுக்கா. ஹெல்மெட் இல்லாம விடமாட்டாங்க."

"எனக்கும் ஒரு ஹெல்மெட் குடு. தலை இருக்குல்ல எனக்கு?"

மழைக்காலம் முடியட்டும் என்றேன். மழைக்காலம் முடிந்தது. தூசி என்றேன்.

சேறு இருந்தது பொய் இல்லை. அந்தப் பக்கம் நிலம் முழுக்கச் சதுப்பு. அடித்தூண்கள் இறக்கவே பல மாதம் ஆனது. பிறகு வேறிடத்தில் வார்த்த கான்கிரீட் படிகள் லாரியில் வந்து இறங்க, கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது. ஒருநாள் நான் சைட்டில் இருந்தபோது சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முர்ஷிதாபாத்காரர், வாய் நிறைய வெற்றிலை. சக்கர நாற்காலி மேடைக்கு மறுவாரம் கான்கிரீட் போட வேண்டும். அந்த இடத்தில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். கீழ்வரிசையில் மூன்று தொழிலாளிகளை நிற்க வைத்திருந்தார்.

"தீதி, இதுல உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். தோளில் தொங்கிய மூன்று கம்ச்சா துண்டுகள் தெரிந்தன. புல் முளைக்கப் போகும் இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் ஒசத்திடலாமா? ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, ரெண்டு நாள் வேலைதான்," என்றார்.

ஒரு போன் செய்திருந்தால் போதும். ஆனால் அந்தப் போனில், அன்று கூட்டத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். பதவி உயர்வு அப்போது வந்துவிட்டது. புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டின் மணம்கூடப் போகவில்லை.

"படத்துல இருக்கிற மாதிரியே போடுங்க," என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் ஆட்டம் ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. அக்கா காலை ஆறு மணிக்கே தயார். கிளப் நிறத்தில் சால்வை, புதிதாகப் போட்ட கொண்டை. ஸ்டேடியம் வாசலிலிருந்து மேடை வரை ஒரு படி கிடையாது. சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. வழியில் கைப்பிடிக் கம்பிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "இதுவும் நீ வரஞ்சதா? இதுவும்?" உள்ளே நுழைந்து புல்லைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. "பச்சை இவ்ளோ பச்சையாவா இருக்கும்? டிவில இப்படி இல்லியே," என்றார். ஐந்து நிமிடம், எல்லோரும் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடம், நான் செய்தது சரிதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

முதல் கார்னர் கிடைத்தது. முன்வரிசை எழுந்தது. அதற்கு முன்வரிசையும் எழுந்தது. அக்காவின் முன்னால் முதுகுகள். தாதா குனிந்து, "போஷுன் தாதா, உக்காருங்க, ஒரு பெண்மணி இருக்காங்க," என்று முன்னால் நின்றவர்களிடம் கெஞ்சினார். திரும்பிப் பார்த்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நல்லவர்கள்தான். பந்து திரும்பி வந்ததும் மறந்துவிட்டார்கள். வீட்டில் ஸ்கேலால் குத்த ஒரு இடுப்புதான் இருந்தது. இங்கே எத்தனை பேரைக் குத்துவது? அக்கா முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். அப்புறம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டாம் பாதியில் கோல் விழுந்தது. கட்டடமே அதிர்ந்தது. "யாரு? யாரு அடிச்சா?" என்று கீழேயிருந்து குரல் கேட்டது. குனிந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, நானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது டாக்குரியா பாலத்தில் டாக்ஸி நெரிசலில் மாட்டியது. அக்காதான் பேச்சை ஆரம்பித்தார். என்னைத் தேற்றினார், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "ஜனங்க எந்திரிக்கத்தான் செய்வாங்க. அதுக்கு நீ என்ன பண்ணுவ? நீ கணக்க சரியாத்தான் போட்டிருப்ப. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை கீழிருந்து குரல் வந்தது. இறங்கிப் போனேன். மேசையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகள், பசை, கத்தரிக்கோல், அளக்கும் டேப். தாதா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தில் அத்தனை உற்சாகம்.

"அப்பா ஐடியா! இத எப்படி மறந்தேன் பாரு. அவங்க எந்திரிச்சா எந்திரிச்சுக்கட்டும், நான் குழாயத் தூக்கிடுவேன். அப்பா குத்துமதிப்பா செய்வாரு. நமக்கு ஆர்க்கிடெக்ட் இருக்கா வீட்டுல. நீ கணக்குப் போட்டுச் சொல்லு, மேல் கண்ணாடிக்கும் கீழ்க் கண்ணாடிக்கும் நடுவுல எவ்ளோ இருக்கணும்?"

"ஒன்றரை அடி," என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. தாதா பென்சிலை எடுத்து அட்டையில் குறிக்கப் போனார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முப்பது வருடமாக, ஸ்டெப் இல்லாத விடையைக் கண்டால் விடாதவர்.

"நீ டேப்பத் தொடவே இல்லையே," என்றார். "எப்படிச் சொன்ன?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதனாலேயே சொல்ல முடியவில்லை. சிவப்பு வட்டம், இரண்டு பாக்ஸ், "தெரியும் சார்", மூலையில் எழுதிய குறிப்பு, கவிழ்த்த வாளி, எல்லாவற்றையும் சொன்னேன். தாதாவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். அவரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா கத்தவில்லை. "எங்கப்பா என்னத் தோள்லேருந்து எறக்கினாரு. அவருக்கு முதுகு வலி," என்றார். "ஒனக்கு எங்க வலிச்சுது?"

"எங்கயும் இல்லக்கா."

அவர் டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "அளந்து சொல்லு."

அளவு மாறியிருக்காது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் சக்கர நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு, டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தி, மேலே இழுத்துக்கொண்டே வந்தேன். இந்த முறை டேப் கன்னத்தில் உரசியபோது அக்கா சிரிக்கவில்லை, ஆடவும் இல்லை. ஒருவரின் கண் உயரத்தை அளக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டேப்பில் இருந்த எண்ணைப் படிப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.